பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கா?

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. ஸ்டுட்கார்ட்டில் காலை ஐந்தரை மணி, வெளியே கும்மிருட்டு. மதுரையில் அப்போது பத்து மணி. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பதினொரு மணிக்கு பைபாஸ் ஆபரேஷன். பத்தே முக்காலுக்கு உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள். திங்கட்கிழமைதான் டாக்டர் தேதி சொன்னார். எனக்கு வெள்ளிக்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அதனால் உள்ளே போவதற்கு முன் எல்லோரும் வீடியோவில் பத்து நிமிஷம் பேசிவிடலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆறு வயது மகள், தாத்தாவுக்குக் காட்ட ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள்.

டிவியில் பெரிதாகத் தெரியட்டும் என்று மடிக்கணினியை டிவியோடு இணைத்தேன். ராத்திரி அது தானாகவே அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் ஆகி, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. வைஃபை கோடுகள் முழுசாக இருந்தன. ஆனால் கீழே ஒரு வரி: இணையம் இல்லை.

வைஃபையை அணைத்துப் போட்டேன். வரவில்லை. நெட்வொர்க்கை அழித்து, கடவுச்சொல்லை மறுபடி அடித்தேன். வரவில்லை. மனைவி மெதுவாகச் சொன்னாள்: “ஏங்க, போன்லயே கூப்பிட்டுடலாமே.” நான் சொன்னேன்: “ரெண்டு நிமிஷம் இரு.”

பத்து வருஷமாக மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு வைஃபையிடம் தோற்றுப்போவேனா? ரௌட்டரைப் பிடுங்கிச் செருகினேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில், இன்றைக்கு நினைத்தாலும் கூசும் அந்தக் காரியத்தைச் செய்தேன். ரௌட்டரை ஃபேக்டரி ரீசெட் பண்ணினேன்.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்திருக்கும். ரௌட்டர் எழுந்து வந்து, இணைப்பு எடுத்தபோது தபாலில் வந்த பயனர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்டது. சூகாங்ஸ்டாட்டன் என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம் வருமே, அதேதான். நான்கு ஃபைல்களைப் புரட்டியும் அது கிடைக்கவில்லை. அதுவரை வைஃபையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன்களும் இப்போது செத்துவிட்டன. எங்கள் வீடு பழைய கட்டடத்தின் தரைத்தளம், சுவர் முழங்கை கனம். உள்ளே மொபைல் சிக்னல் வராது, சாதாரண அழைப்புகூட வைஃபை வழியாகத்தான்.

செருப்போடு தெருவுக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டபோது மணி ஆறு இருபது. “இப்பத்தான்டா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு தடவ போனையே பாத்தாரு,” என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வர நாலரை மணி நேரம் ஆனது. அந்த நாலரை மணி நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஃபியூஸும் ட்ரான்ஸ்ஃபார்மரும்

அன்று சாயங்காலம் இணைப்பு நிறுவனத்துக்குப் போன் செய்து புது விவரங்களை வாங்கி, ரௌட்டரைச் சரிசெய்தேன். போன்களில் நெட் வந்துவிட்டது. மடிக்கணினியில் வரவில்லை!

அப்போதுதான் புத்தி வந்தது. காலையிலும் இதேதான் நிலைமை. போன் ஓடியது, கணினி மட்டும் ஓடவில்லை. ரௌட்டருக்கு ஒரு கேடும் இல்லை. மாணவனாக இருந்த காலத்தில் நிறுவி, மறந்தே போன ஒரு விபிஎன் மென்பொருள் கணினியில் கிடந்தது. அதன் பழைய ட்ரைவர் புது அப்டேட்டோடு ஒத்துப்போகாமல், வெளியே போகும் கேள்விகளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்தேன். நான்கு நிமிஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில், வார்டுக்கு மாற்றியிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் தையலோடு சிரிக்கவும் முடியாமல் சிரித்தார்.

“ஏன்டா, நம்ம வீட்ல கரண்ட் போனா மொதல்ல என்ன பண்ணுவோம்?”

“பக்கத்து வீட்ல இருக்கான்னு பாப்போம்.”

“அத ஏன் பாக்கல? ஃபியூஸ் போச்சான்னு பாக்காம ட்ரான்ஸ்ஃபார்மரையே இறக்கிட்டியே.”

நான் முதுநிலைப் படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கற்ற நெட்வொர்க் பாடத்தின் சாரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நம் ஊரில் கரண்ட் போனால் யாரும் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். தெரு முழுக்க இருட்டு என்றால் காத்திருப்போம். நம் வீடு மட்டும் இருட்டு என்றால் மெயினைப் பார்ப்போம். ஒரே ஒரு அறை என்றால் அந்த அறையின் சுவிட்ச். அப்டேட்டுக்குப் பிறகு நெட் போனாலும் செய்ய வேண்டியது இதேதான்.

அப்டேட் எப்போது வருகிறது?

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் ஜெர்மனியில் இரவு ஏழு. நாம் சாப்பிட்டுப் படுக்கும்போது கணினி அதை இறக்கி, தூங்கும்போது நிறுவுகிறது. புதன்கிழமை காலையில் ஏதாவது மக்கர் பண்ணினால் முதலில் காலண்டரைப் பாருங்கள்.

அப்டேட்டால் நெட் போவது கற்பனை இல்லை. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட சில நிகழ்வுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பக்கத்து வீட்டுக் கேள்விக்கு ஒவ்வொரு பதில்.

2023 டிசம்பர் 12 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, சில கணினிகள் பல்கலைக்கழகங்கள், அலுவலகங்களின் வைஃபையில் சேர மறுத்தன. ஜெர்மனியில் படிக்கிற நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த எடுரோம் இந்த வகை நெட்வொர்க்தான். விடுதி அறையில் ஓடும் அதே கணினி வகுப்பறையில் ஓடாது. ஏனென்றால் வீட்டு வைஃபையில் கடவுச்சொல் மட்டும்தான். எடுரோம் போன்றவற்றில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக அடையாளம் கேட்டு உள்ளே விடுவார்கள், அந்தச் சோதனை தொடர்பான இடத்தில்தான் கோளாறு. சுமார் ஒரு வாரத்தில் மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தைப் பின்வாங்கிக்கொண்டது. அந்த வாரத்தில் வீட்டு ரௌட்டரை நோண்டியிருந்தால் என்ன பலன்?

2024 ஏப்ரல் அப்டேட்டில் வேறு கதை. இணையம் நன்றாக வரும், விபிஎன் மட்டும் இணையாது. வீட்டிலிருந்து வேலை பார்த்த பலருக்கு அலுவலகக் கதவு மூடிக்கொண்டது. மே 14 அன்று வந்த அப்டேட்டில் சரியானது.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் நடந்ததைக் கோளாறு என்றுகூடச் சொல்ல முடியாது. கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாக உள்ளே போய் நெட்வொர்க்கிலிருந்து கோப்புகளைத் திறப்பதை, ப்ரோ பதிப்பில் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே நிறுத்தினார்கள். ஊர்க் கல்யாண வீடியோக்களை ரௌட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்கிலோ பழைய நாஸ் பெட்டியிலோ போட்டு வைத்திருந்தவர்களுக்கு, திடீரென்று டிஸ்க் காணாமல் போன மாதிரி இருந்தது. இணையம் இருக்கும், டிஸ்கும் நன்றாக இருக்கும், விதிதான் மாறியிருக்கும். டிஸ்குக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் இரண்டு கேள்விகள்

கேள்வி ஒன்று: அதே வைஃபையில் போன் ஓடுகிறதா? இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வைஃபை செத்திருந்தாலும் போன் சத்தமில்லாமல் சிம் வழியாக நெட் எடுத்துக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

கேள்வி இரண்டு: அதே கணினி, போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறதா?

போன் ஓடுகிறது, கணினி ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் கோளாறு கணினிக்குள். ரௌட்டரைத் தொடாதீர்கள். போனும் ஓடவில்லை, கணினி ஹாட்ஸ்பாட்டில் மட்டும் ஓடுகிறது என்றால் கோளாறு ரௌட்டரிலோ வெளி லைனிலோ. அப்டேட் மேல் பழி போட வேண்டாம். வீட்டு வைஃபையில் போன் ஓடுகிறது, கணினி ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது, ஆனால் கணினி வீட்டு வைஃபையில் மட்டும் ஓடவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ள பேச்சுவார்த்தையில் சிக்கல். அந்த நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி சேருங்கள்.

மொத்தம் ஐந்து நிமிஷம். அன்றைக்கு நான் முக்கால் மணி நேரத்தை வீணாக்கியது, இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்காததால்.

அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்கு வைஃபை பொத்தானே காணாமல் போகும். அப்போது ஹாட்ஸ்பாட்டும் உதவாது. போனை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். வைஃபை ட்ரைவர் இல்லாமலே நெட் வரும், அதை வைத்துப் புது ட்ரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

கணினிக்குள்தான் கோளாறு என்றால்

வரிசை முக்கியம். திருப்பி வைக்க முடிகிற வேலைகளை முதலில் செய்யுங்கள், அழிக்கிற வேலைகளைக் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது சரியாக்கியது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 8-லிருந்து, ஷட் டவுன் செய்தால் கணினி தன் உள்நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக இந்த ஏற்பாடு. கோளாறும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 2016 டிசம்பரில் பல நாடுகளில் விண்டோஸ் கணினிகளுக்கு நெட் போனபோது, ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தின் தலையிலேயே அறிவிப்புப் போட்டது.

அடுத்து, ஐபி எண். செட்டிங்ஸில் வைஃபையின் விவரங்களைத் திறந்தால் தெரியும். ஜெர்மன் வீடுகளில் நிறைய இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரௌட்டர் வழக்கமாக 192.168.178 என்று தொடங்கும் எண் தரும். உங்கள் கணினியில் 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் அதற்கு எண்ணே தரவில்லை என்று அர்த்தம். வீட்டுக் கதவு எண் இல்லாமல் தபால்காரரை எதிர்பார்க்கிற கதை. 2016-ல் கணினிகள் மாட்டியது இதில்தான்.

எண் சரியாக இருந்தால், கமாண்ட் ப்ராம்ப்டில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு பிங் கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் பெயரால் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். அதாவது சாலை நன்றாக இருக்கிறது, விலாசப் புத்தகம்தான் காணோம். என் வீட்டில் அன்று நடந்தது இதுதான். விபிஎன், கூடுதலாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ், கைமுறையாக மாற்றி வைத்த டிஎன்எஸ் எண், இந்த மூன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அணைத்து வைப்பது சில நேரம் போதாது, நீக்கிப் பார்க்க வேண்டும்.

விலாசப் புத்தகம் இல்லாத நேரத்தில் ரௌட்டர் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் 192.168.178.1 என்று எண்ணையே அடியுங்கள். ஃப்ரிட்ஸ் புள்ளி பாக்ஸ் என்ற பெயரை நம்ப வேண்டாம். 2024-ல் அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் இணையத்தில் பதிவு செய்துகொண்டார். வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே இருந்து அடித்தவர்கள் சம்பந்தமில்லாத ஒரு தளத்தில் போய் நின்றார்கள். அப்போது ஏவிஎம் என்ற பெயரில் இருந்த, ஃப்ரிட்ஸ்பாக்ஸ் செய்யும் பெர்லின் நிறுவனம், முறையிட்டுத்தான் பெயரை மீட்டது.

இவை எதுவும் உதவாவிட்டால் அப்டேட்டையே கழற்றலாம். விண்டோஸில் அப்டேட் வரலாற்றுக்குள் போனால் மாதாந்திர அப்டேட்டை நீக்கும் வழி இருக்கிறது. புதுப் பதிப்புக்கே மாறியிருந்தால், வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அலுவலகக் கணினியில் மட்டும் இதையெல்லாம் செய்யாதீர்கள், அது உங்கள் ஐடி ஆட்களின் சொத்து.

நெட்வொர்க் ரீசெட் என்று ஒரு பொத்தான் உண்டு. அது கடைசி மருந்து. வைஃபை கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும். ரௌட்டரின் ஃபேக்டரி ரீசெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடிதம் கையில் இல்லாமல் அந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

தெரு முழுக்க இருட்டு என்றால்

எல்லாக் கருவியிலும் நெட் இல்லை, ரௌட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டும் வரவில்லை. அப்போது நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள், அன்றே கொடுங்கள். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் தொலைத்தொடர்புச் சட்டப்படி, இணைப்பு முழுவதுமாக அற்றுப்போனால் புகார் சேர்ந்த பிறகு மூன்றாவது, நான்காவது நாட்களுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாவது நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம், இதில் எது அதிகமோ அது உங்களுக்கு இழப்பீடாக வர வேண்டும். கணக்கு தொடங்குவது நீங்கள் புகார் சொன்ன நேரத்திலிருந்து. அதனால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். கோளாறு உங்களால் வந்தது என்றால் இது கிடையாது. புகாருக்கு முன்னால் அந்த இரண்டு கேள்விகளும் அவசியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்டேட்டே வேண்டாமா?

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், “நான் அப்டேட்டையே நிறுத்தி வெச்சுட்டேன், தொல்லையே இல்ல,” என்றார். அது மட்டும் வேண்டாம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் கொடுத்தது. போடாதவர்கள் ஏராளம். மே 12 அன்று வான்னாக்ரை என்ற பிணைப்பணத் தாக்குதல் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் தடுமாறின. இங்கே ஜெர்மன் ரயில் நிலையங்களில், வண்டி நேரம் காட்டும் பலகைகளில் பணம் கேட்கும் மிரட்டல் தெரிந்தது. அப்டேட்டால் ஒரு காலை கெடலாம். அப்டேட் இல்லாவிட்டால் குழந்தையின் முதல் போட்டோவிலிருந்து எல்லாமே போகலாம்.

நேரத்தை மட்டும் நாம் முடிவு செய்யலாம். விண்டோஸில் அப்டேட்டைச் சில வாரங்கள் தள்ளி வைக்கும் வசதி இருக்கிறது. விசா நேர்காணல், பரீட்சை, ஆபரேஷன் என்று ஏதாவது இருக்கும் வாரத்தில் தள்ளி வைத்துவிட்டு, அது முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். முக்கியமான அழைப்பு என்றால் இரண்டு வழிகளைத் தயாராக வையுங்கள். முதல் வழி ஐந்து நிமிஷத்தில் வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். நெட்டை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். அன்றைக்கு என் வீட்டில் இதைத்தான் மனைவி முதல் நிமிஷத்திலேயே சொன்னாள்.

அந்தக் கடிதம் பிறகு கிடைத்தது, மகளின் தடுப்பூசி அட்டைக்குள். இப்போது சிவப்பு ஃபைலில், பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் வரைந்த படத்தை நான் கையிலேயே மதுரைக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை மாத்திரைப் பெட்டிக்கு மேலே ஒட்டச் சொன்னார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து அப்பாவே கூப்பிட்டார். “டேய், நம்ம போன் ராத்திரி என்னமோ அப்டேட் ஆச்சு, இப்ப நெட் வரல. இந்தப் பொண்ணு போன்ல வருது, ரெண்டும் ஒரே கம்பெனி சிம்மு. அப்ப கோளாறு நம்ம போன்லதான?”

“ஆமாப்பா. மேல இருந்து விரல இழுங்க. விமானப் படம் எரியுதா?”

ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. பிறகு வீட்டுப் போனிலிருந்தே வீடியோ வந்தது.